எதிர்வீட்டுச் சாட்சி

சனிக்கிழமை, நூலகத்துக்குப் பின்னால்,
பழுதான ஏசிகளைப் போட்டிருந்த அறையில் என் மேசை.
இரண்டு பிளக் பாயிண்ட், ஒரு ஸ்கேனர்,
கல்லூரி ஒதுக்கிய கட்டணம்
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
கதவில் நானே எழுதி ஒட்டிய காகிதம்:
முதல் பாஸ்போர்ட்.
கீழே யாரோ பென்சிலால்
'முதல் காதல், அடுத்த அறை' என்று.
அழிக்கவில்லை.

பொழிலன் மூன்று பெயரோடு வந்தான்.
ஆதாரில் பொலிலன்,
மதிப்பெண் பட்டியலில் பொசிலன்,
ரேஷன் கார்டில், காதில் விழுந்ததைக்
கன்னடத்தில் எழுதிவைத்த வேறு யாரோ.
'எது சரி?' என்றேன்.
'வீட்ல கூப்பிடறது' என்றான்.
திருத்தி வர ஏழு வாரம்.
போலந்துக் கல்லூரியோ
ஜனவரிக்குள் எண் வேண்டும் என்றது.

அடுத்த கட்டம்: குடும்பப் பெயர்.
நம்மவர்களுக்கு ஏது?
புள்ளி வைத்த ஓர் எழுத்து முன்னால் நடக்கும்,
அதைப் பிரித்தால்
உள்ளே அப்பா உட்கார்ந்திருப்பார்.
'அங்கெல்லாம் உன்னைத் தங்கையன் என்றுதான்
கூப்பிடுவார்கள், பரவாயில்லையா?'
விளையாட்டாகத்தான் கேட்டேன்.
ஸ்கேனர் விளக்கு ஒருமுறை போய் வந்தது.
'எனக்கு நாலு வயசுல போனாரு.
ஓசூர்ல இருக்காராம். வேற வீடு.'
பிறகு, 'காலியா விடலாமா?'
விடலாம்.
'அப்பா பேர்க் கட்டமும்?'
விடலாம். அம்மா பெயர் போதும், விதி இருக்கிறது.
சொர்ணவல்லி என்று அடித்தான்,
ஒற்றை விரலால்,
ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து பார்த்து.

லால்பாக் சாலை அலுவலகத்தில்
அந்த விரல் பதியவில்லை.
ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில்
அண்டா தேய்க்கிற விரல்.
கண்ணாடியைத் துடைத்தார்கள், கையைத் துடைத்தார்கள்,
கவுண்டர் பெண் தன் பையிலிருந்து
வாஸ்லின் எடுத்துக் கொடுத்தாளாம்.
ஆறாவது முறை ரேகை வந்தது.
டோக்கன் வரிசை மொத்தமும்
மூச்சைப் பிடித்திருந்தது என்றான்.
கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான் என்று நினைக்கிறேன்.

போலீஸ் வந்தது ஒரு செவ்வாய்,
ஸ்ரீராமபுரம், ஆறடிச் சந்து,
தண்ணீர் வருகிற நேரம்.
பைக் நின்றதும் சொர்ணவல்லி
குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு
'என் பையன் எதுவும் செய்யல சார்' என்று
கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டாள்,
அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்.
அக்கம்பக்கம் இரண்டு சாட்சி வேண்டும்.
ஒருவர் இஸ்திரிக் கடைக்காரர்.
இன்னொன்றுக்குக்
கதவு திறந்திருந்தது ஒரே வீடு.
எஸ்தர்.
குழாய் முறைச் சண்டையில்
பதினோரு மாதமாக இவளோடு பேச்சில்லை.
போன கோடையில் ஒரு குடம் உடைந்தது,
யார் தள்ளியது என்பது இன்னும் தீரவில்லை.

'இவனைத் தெரியுமா?'
'பொறந்ததிலேர்ந்து.'
'கேஸ் ஏதாவது?'
'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியும்.
என் கண்ணுல அடிக்கும். அதான் கேஸ்.'
'அப்பா பேர் காலியா இருக்கே?'
சொர்ணவல்லி வாயைத் திறந்தாள்.
எஸ்தர் முந்திக்கொண்டாள்:
'அம்மா பேர் இருக்குல்ல? அதேதான். போடுங்க.'
ஈரக்கையோடு கையெழுத்திட்டாள்,
மை கொஞ்சம் பரவியது.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன்.
'இல்ல மேடம்.
ஆனா எங்க குடத்த யாரும் நகர்த்தல.'

இப்போது வந்துவிட்டது.
கருநீல அட்டை, முப்பத்தாறு பக்கம்.
கழுவிக் காயவைத்த பால் கவரில் சுற்றி
எனக்குக் காட்டக் கொண்டுவந்தான்.
நான் பிரிப்பதற்குள் அடுத்தவள் வந்துவிட்டாள்,
மூன்று ஆதார் நகல், மஞ்சள் தடவிய ஒரு ஜாதகம்.
'பர்த் சர்டிபிகேட் இல்ல மேடம், இது ஆகுமா?'
'ஆகாது' என்றான் பொழிலன்,
தான் இருந்த நாற்காலியை அவளுக்குத் தள்ளி.
'மொதல்ல உக்காரு.
வீட்ல உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?'